ஞாயிறுதோறும் மழுங்கிய கத்தி

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கதையில் வரும் மாமனார் செடிப்பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவர். ஒரு ரோஜாச் செடியின் துளிர்க்கண்ணைச் சீவி எடுத்து இன்னொரு செடியின் தண்டைக் கீறிச் செருகிக் கட்டுவது அவர் வேலை. அதற்கு அவரிடம் இருப்பது ஒரே ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, விரல் நீளத்துக்கு அலகு. நாற்பது வருஷமாக அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ரோஜாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பார்சல் கயிறு, பேத்தியின் பென்சில், காலில் ஏறிய முள், ஆப்பிள் தோல், எல்லாவற்றுக்கும் அதே கத்திதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆப்பிள் நறுக்கிக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டார். கத்தி திறந்தபடி மடியில். ஐந்து வயதுப் பேத்தி, வீட்டில் எல்லாரும் வாண்டு என்று கூப்பிடும் அந்தக் குழந்தை, அவர் மடியில் ஏறப் போயிற்று. மருமகள் பாய்ந்து தூக்கினாள். அன்று அவள் அடைந்த பயம் பொய்யில்லை.

"மாமா, வீட்டுக்கு வந்ததும் அதை எங்கிட்ட கொடுத்து வைங்களேன்" என்று கேட்டாள். மனுஷன் சிரித்தார். "இது எனக்கு ஆறாவது விரல்ம்மா. விரலைக் கழட்டிக் கொடுக்க முடியுமா?"

புருஷன்காரன், பஸ் டிப்போவில் டைம் கீப்பர், "பிடுங்கி எறிஞ்சிடறேன்" என்றான். இவள்தான் வேண்டாம் என்றாள், அவர் மனசு உடைந்து போகும் என்று. பிறகு இவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவர் நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பார். அன்று காலை அவர் குளிக்கப் போகும்போது முதல் நாள் சட்டையிலிருந்து கத்தியை எடுத்து, துவைக்கிற கல்லின் ஓரத்தில் பத்து இழுப்பு. மழுங்கிய கத்தியை மடித்து அதே பையில் போட்டுவிடுவாள். ஆறு ஞாயிறு இப்படிச் செய்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்துவிட்டு, 'நல்ல யோசனை, எங்கள் வீட்டிலும் செய்யப் போகிறேன்' என்று ஒரு அம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மா, அவசரப்படாதீர்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. மாமனார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வேலைக்குப் போகிற நாளில் அவர் வெள்ளை போட்டு அவள் பார்த்ததில்லை.

"பண்ணைக்குப் போகலையா மாமா?"

"லீவு சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போகணும். நீ கூட வரியாம்மா?"

"உடம்புக்கு என்ன?"

"போய்த்தான் பார்க்கணும்."

"அவரும் வந்தா…"

"அவன் வேண்டாம். நீ போதும்."

கடைக்குப் போன் போட்டு அவளும் லீவு சொன்னாள். ரெடிமேட் துணிக்கடையில் பேன்ட் மடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று ஆல்டரேஷன் தைக்கிற வேலை அவளுக்கு. சர்க்கரையாக இருக்கும், இல்லையென்றால் கண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று வாரமாகவே அவர் முகத்தில் களை இல்லை. சாப்பாடு பாதி தட்டில் நின்றுவிடும். பத்து நாளுக்கு முன் வாண்டுவைத் தன் கட்டிலிலிருந்து எழுப்பி, "இனிமே அம்மாகிட்டயே படுத்துக்கோ, தாத்தாவுக்கு இருமல்" என்று அனுப்பிவிட்டார். அவர் இருமி அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை. கத்திக்காரர் பக்கத்தில் குழந்தை படுக்காதது நல்லதுதானே என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டாள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. நடைவழி முழுக்க நாற்காலி. கதவில் இருந்த பலகையை அவள் இரண்டு தடவை படித்தாள். மறதி நோய்ப் பிரிவு.

"மாமா, இங்கேயா?"

"உட்காரும்மா. டோக்கன் பதினொண்ணு. இப்பத்தான் ஆறு போயிருக்கு."

உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வாண்டுவின் பழைய கோடு போட்ட நோட்டு, அட்டையில் ஒரு வாத்துப் படம். அதைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

பென்சில் எழுத்து. சனி மாலை, பண்ணையில் கத்தி தீட்டினேன். கை முடி வழித்துப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. அடுத்த வரி: ஞாயிறு மதியம், மழுங்கியிருக்கிறது. அலகில் கோடு விழுந்திருக்கிறது. எப்போது, எதில் உரசினேன், ஞாபகம் இல்லை. அதற்குக் கீழே அடுத்த சனி, அடுத்த ஞாயிறு. அப்படியே நாலு வாரம்.

அவளுக்கு எழுத்துகள் கலங்கின.

"முதல் ரெண்டு தடவை, தீட்ட மறந்துட்டேன் போலன்னு விட்டுட்டேன்" என்றார் மாமனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று. "அப்புறம்தான் எழுத ஆரம்பிச்சேன். இங்க பாரு." முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டினார். முன்கையில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு முடியே இல்லை. "சனிக்கிழமை வழிச்ச இடம். அப்ப நான் தீட்டினது நிஜம். மறுநாள் மழுங்கியிருக்கிறதும் நிஜம். நடுவுல இருக்கிறது ஒரு ராத்திரிதானேம்மா?"

அவள் நோட்டை மூடினாள்.

"ராத்திரி எழுந்து கத்தியைத் திறந்து எங்கேயோ உரசியிருக்கேன். எனக்கே தெரியாம. இன்னிக்கு எதுலயோ உரசினவன் நாளைக்கு எதுல வைப்பான்? அதான் குழந்தையை அனுப்பிட்டேன். நானும் படுக்கறதில்ல. உட்கார்ந்தே இருக்கேன், விடியறப்போ எப்படியோ கண்ணசந்துடுது."

"மாமா, வீட்டுல வேற யாராவது…" என்று இழுத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அவர் அவளை ஏதோ தெரியாததைக் கேட்ட குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "வீட்டுல யாரும்மா அதைத் தொடப் போறாங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்கில் நிற்கவில்லை. அவருக்கு வலிக்கக் கூடாது என்று தொடங்கின காரியம், தன் வீட்டிலேயே தன்னைக் கண்டு பயப்படுகிற மனுஷனாக அவரை ஆக்கிவிட்டிருந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. துணி வெட்டுகிற தன் கத்தரியால் புருஷன் ஒரு நாள் காகிதம் வெட்டியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் அவள். முதல் வெட்டிலேயே அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருஷக் கைக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தாள்? அவர் வாய் திறக்காததால் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். சண்டாளி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"பதினொண்ணு!"

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். அவசரம் இல்லாமல் பேசினார். தேதி கேட்டார், கிழமை கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். பாய், சாவி, ஆரஞ்சு என்று மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மாமனார் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தார்.

"இப்ப அந்த மூணு சொல்லையும் சொல்லுங்க."

"பாய், சாவி, ஆரஞ்சு. அப்புறம், உங்க பேனா மூடியைத் தேடினீங்களே, அது மேசைக்கு அடியில கிடக்கு டாக்டரம்மா."

டாக்டர் சிரித்தார். குனிந்து மூடியை எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டை மறுபடி புரட்டினார், சிரிப்பு போய்விட்டது.

"டெஸ்ட்ல ஒரு குறையும் தெரியல. ஆனா இந்த நோட்டுல இருக்கிறதை நான் தள்ளிவிட முடியாது." அவள் பக்கம் திரும்பினார். "நீங்க மருமகளா? வீட்டுல நீங்க ஏதாவது கவனிச்சீங்களா? ராத்திரி நடமாட்டம், பொருளை இடம் மாத்தி வைக்கிறது, அந்த மாதிரி?"

கேள்வி நேராக வந்துவிட்டது. தப்பிக்க இடமில்லை. மாமனாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைத் தெரிந்துகொள்ளப் பயந்து, ஆனாலும் அவள் சொன்னால் நம்பிவிடுகிற பார்வை.

"இல்லங்க" என்றாள்.

கவனிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். செய்யவில்லை என்றும் ஆகிவிட்டது.

"சரி. ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். அது வரைக்கும் வேலைக்குப் போக வேண்டாம். கூரான பொருள் எதையும் கையில வெச்சுக்க வேண்டாம்."

மாமனார் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். ஒரு தடவை திறந்து பார்க்கக்கூட இல்லை. மருமகளின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்மா."

இரண்டு மாதத்துக்கு முன் அவள் கேட்டது இதைத்தான். கேட்டது கேட்டபடி கைக்கு வந்துவிட்டது.

அவர் ஸ்கேனுக்குத் தேதி வாங்க வரிசையில் நின்றபோது, அவள் மாடிப்படிப் பக்கம் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம்தான் கேட்டது.

"ஆறு வாரமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க பிடுங்கிடுவீங்க."

"நீ பண்ணினது மட்டும் என்னவாம்?" பெருமூச்சு விட்டான். "சரி, விடு. கத்தியை அவரே கொடுத்துட்டாரு இல்ல? பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. பேசாம இரு."

"பேசாம இருக்கிறதா? அவரு புத்தி கெட்டுப் போச்சுன்னு நம்பிட்டிருக்காருங்க!"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா தானாத் தெளிஞ்சிடுவாரு. இப்ப நீ சொன்னா என்ன ஆகும்? தவளை தன் வாயால கெடும். காலத்துக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டாரு. குழந்தையை நினை."

"குழந்தையை நினைச்சுத்தான் இத்தனையும் பண்ணினேன்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறலாம் என்றால் அவர் பண்ணைக்குப் போகிற பஸ்ஸைக் கை காட்டினார். "முதலாளியம்மாகிட்ட நேர்ல சொல்லிடணும். போன்ல சொன்னா மரியாதை இல்ல."

பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாக ரோஜாத் தொட்டிகள். மண் நனைந்த வாசனை. முதலாளியம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பெரியவரே! லீவு நாள்ல மருமகளுக்குப் பண்ணையைச் சுத்திக் காட்ட வந்தீங்களா? பாரும்மா, உங்க மாமனார் போன மாசம் கட்டின ஒட்டு. நூறுக்குத் தொண்ணூத்தாறு பிடிச்சிருக்கு. என் ஆயுசுல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்ல."

மாமனார் அந்தத் தொட்டிகளைப் பார்த்தார். கட்டுக்கு மேலே ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு துளிர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"அது விஷயமாத்தான்ம்மா வந்தேன். நான் நின்னுக்கலாம்னு இருக்கேன்."

"எங்கே நிக்கறீங்க?"

"வேலையை விட்டு நின்னுக்கறேன். எனக்கு ஒரு கோளாறு வந்திருக்கு. வெளியில சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. என் புத்தி…"

"மாமா, சொல்லாதீங்க!"

அவள் கத்தினாள் என்றே சொல்ல வேண்டும். தூரத்தில் மண் கலந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் மாமா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்க குளிக்கப் போறப்போ, நான்தான் எடுத்து மழுக்கினேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க தீட்டினீங்க, நான் மழுக்கினேன். அவ்வளவுதான் நடந்தது."

முதலாளியம்மா இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விவரம் புரிந்ததோ இல்லையோ, இது குடும்ப விஷயம் என்று புரிந்தது. குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மாமனார் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"அப்ப நான் ராத்திரி எழுந்திரிக்கலையா?"

"இல்ல மாமா."

"குழந்தை பக்கத்துல படுத்திருந்தப்போ…"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நீங்க நல்லா இருக்கீங்க மாமா."

"எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று மறுபடி கேட்டார். அவள் இல்லை என்றாள். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னாள். கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. மாமியார் போன அன்றுகூட அவர் இப்படி அழுது அவள் பார்க்கவில்லை. ஆறு வாரத்துப் பயமும் அந்த அழுகையில் வந்தது. அவளும் நின்ற இடத்திலேயே அழுதாள்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுல தேய்ச்சே?"

"துவைக்கிற கல்லு ஓரத்துல."

"அதான் அந்தக் கோடு." தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேன் மாமா."

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். பிறகு மெதுவாக, "ஆமா. கேட்டே. நான் சிரிச்சேன்" என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க மாமா. டாக்டரம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"குழந்தை இருக்கிற வீட்டுல திறந்த கத்தியோட தூங்கினவன் நான். அதுல தப்பு என் மேலதான்." கையை நீட்டினார். "கொடு. நாளைக்கு வேலை இருக்கு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அலகைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் ஓரமாகக் கிடந்த தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவள் வெயில் சாயும் வரை அங்கேயே நின்றாள்.

"வாங்க மாமா, போகலாம். வாண்டு தேடுவா."

"நீ போம்மா. உரமூட்டை வைக்கிற ரூமுல ஒரு கட்டில் கிடக்கு. நான் கொஞ்ச நாள் இங்கே இருந்துக்கறேன். கத்தியும் இங்கே, நானும் இங்கே. குழந்தைக்கும் பயமில்ல."

"கோபமா மாமா?"

"சத்தியமா கோபம் இல்ல."

"அப்புறம் ஏன்? எப்ப வருவீங்க?"

அவர் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அவளை நேராகப் பார்த்தார்.

"தெரியலம்மா. ஆறு வாரம் நான் என்னை நம்பல. உங்க எல்லாரையும் நம்பினேன். இப்ப என்னை நம்பறேன்."

எழுந்து தொட்டி வரிசைக்கு நடுவே போய், ஒரு செடியின் கட்டைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் அவள் இரண்டு பஸ்ஸை விட்டாள். பின்னாலேயே வந்துவிடுவார் என்று பண்ணை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எத்தனைம்மா?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு" என்றாள்.

அவர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.